துரிதக் கணித வகுப்பும் தகுதி விதியும்

நம் நாட்டுப் பள்ளிகளில் அல்ஜீப்ராவும் வடிவ கணிதமும் ஆண்டுதோறும் சேர்ந்தாற்போலவே கற்பிக்கப்படுகின்றன. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பெரும்பாலான பள்ளிகளில் முறை வேறு. அங்கு ஓராண்டு முழுவதும் அல்ஜீப்ரா, மறு ஆண்டு வடிவ கணிதம், அதற்கடுத்த ஆண்டு அல்ஜீப்ராவின் இரண்டாம் பாகம், பின்னர் நுண்கணிதத்திற்கு முற்பாடம் என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகள் அமைந்துள்ளன. முதற்படியில் 9ஆம் வகுப்பில் கால் வைக்கும் மாணவன் 12ஆம் வகுப்பில் நான்காம் படியில்தான் நிற்பான். ஐந்தாம் படியாகிய நுண்கணிதத்தைப் பள்ளியிலேயே பயில விரும்பினால் அல்ஜீப்ராவை 8ஆம் வகுப்பிலேயே முடித்தாக வேண்டும். அதன் பொருட்டு 6, 7, 8 ஆகிய மூன்று வகுப்புகளின் கணிதத்தைச் சுருக்கி, இரண்டே ஆண்டுகளில் கற்பிக்கும் துரித வகுப்புகள் ஏற்பட்டுள்ளன. பிற்காலத்தில் ஈடுசெய்யக் கோடை வகுப்பு முதலிய வழிகள் சில உண்டு. எனினும், பொறியியலோ பௌதிகமோ பயிலும் வாய்ப்பு பெரும்பாலும் பதினொரு வயதிலேயே உருவாகத் தொடங்கிவிடுகிறது என்பதில் ஐயமில்லை.

அவ்வயதுச் சிறுவனை அவ்வகுப்பிற்குத் தெரிந்தெடுப்பவர் யார்? நெடுங்காலமாக இப்பொறுப்பு ஆசிரியரின் சிபாரிசையே சார்ந்திருந்தது. வகுப்பு மதிப்பெண்களும், சில இடங்களில் பெற்றோரின் விண்ணப்பமும் அதற்குத் துணை நின்றன. நாள்தோறும் மாணவனைப் பார்ப்பவரின் கருத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆயினும், வீட்டுக் கணக்கை ஒழுங்காக எழுதி வருபவனும், கேள்விக்கு முந்திக்கொண்டு விடை சொல்பவனும் ஆசிரியரின் கண்ணில் முதலில் படுவது இயல்பு. ஓசையின்றிப் பின்வரிசையில் அமர்ந்து சரியான விடையைக் கண்டுவிடும் பிள்ளை அவர் கண்ணுக்குத் தப்பிவிடுவதும் உண்டு. விண்ணப்பம் செய்யலாம் என்ற செய்தியே எட்டாத வீடுகள் எத்தனையோ!

இக்குறையை நீக்க முயன்ற இடங்களுள் வட கரோலினா மாநிலத்திலுள்ள வேக் மாவட்டம் குறிப்பிடத்தக்கது. மாநிலத் தலைநகராகிய ராலே இம்மாவட்டத்தில் உள்ளது. இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பயிலும் இதன் பொதுப் பள்ளிகளில் 2010ஆம் ஆண்டு ஒரு புதிய விதி நடைமுறைக்கு வந்தது. (பொதுப் பள்ளி என்பது அங்கே அரசாங்கச் செலவில் இலவசமாக நடைபெறுவது, நம் நாட்டில் அப்பெயர் பூண்ட செல்வர் பள்ளிகளை இங்கு நினைத்தல் கூடாது.) மாணவன் முந்தைய ஆண்டுகளில் எழுதிய மாநிலத் தேர்வுகளின் மதிப்பெண்களைக் கொண்டு, அவன் அல்ஜீப்ராவில் தேறுவதற்கான நிகழ்தகவு புள்ளியியல் முறைப்படி கணக்கிடப்படும். அது நூற்றுக்கு எழுபதோ அதற்கு மேலோ இருப்பின், துரித வகுப்பில் அவனுக்கு இடம் உண்டு.

வானிலை அறிவிப்பைப் போன்றதே இதுவும். எழுபது என்ற எண்ணைப் பெற்ற நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ எழுபது பேர் தேறுவர், முப்பது பேர் தேறமாட்டார்கள் என்பதே இதன் பொருள். குறிப்பிட்ட ஒரு பிள்ளையின் அறிவை இது அளந்து கூறுவதில்லை. எல்லைக்கோடு எழுபதில் இருக்க வேண்டுமா, தொண்ணூறில் இருக்க வேண்டுமா என்பதும் நிர்வாகிகள் எடுத்த முடிவேயன்றி விஞ்ஞானம் வகுத்த முடிவன்று.

ஷான் டோஹர்ட்டி, ஜோஷுவா குட்மன் முதலிய ஆராய்ச்சியாளர்கள் இவ்விதியின் விளைவுகளைப் பரிசீலித்து 2015இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். முன்னர், ஒத்த மதிப்பெண் பெற்ற பிள்ளைகளிடையேயும் ஏழைகளும் கறுப்பினத்தவரும் ஹிஸ்பானியரும் துரித வகுப்பில் குறைவாகவே சேர்க்கப்பட்டிருந்தனர். விதி வந்தபின் அவ்வகுப்பின் மாணவர் தொகை பெருகியது; இனமும் வருமானமும் தேர்வில் செலுத்திவந்த செல்வாக்கும் குறைந்தது.

துரித வகுப்பினால் விளைந்த பயனை அறிய இவர்கள் கையாண்ட வழி சுவையானது. அறுபத்தொன்பதுக்கும் எழுபத்தொன்றுக்கும் இடையே திறமையில் வேற்றுமை என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றவர்களையும் சற்று மேலே நின்றவர்களையும் ஒப்பிட்டால், பிற்காலத்தில் காணும் மாறுபாட்டுக்கு வகுப்பே காரணம் எனக் கொள்ளலாம். அவ்வாறு ஒப்பிட்டதில், துரித வகுப்பில் சேர்ந்தோரின் வகுப்பு மதிப்பெண்கள் சற்றுத் தாழ்ந்தன. மாநிலத் தேர்வு மதிப்பெண்களில் தெளிவான மாற்றம் இல்லை. ஆயினும் 11ஆம் வகுப்பிலேயே நுண்கணித முற்பாடத்தை எடுத்துத் தேறும் வாய்ப்பு உயர்ந்தது. அதே வேளையில், சேர்க்கப்பட்டோரில் ஒரு பகுதியினர் இடையிலேயே இப்பாதையை விட்டு விலகினர். இடம் அளித்ததோடு பள்ளியின் கடமை தீர்ந்துவிடவில்லை என்பதை இது காட்டுகிறது.

வாயிலை எல்லோருக்கும் திறந்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். அதே மாநிலத்தின் சார்லட்-மெக்லன்பர்க் மாவட்டத்தில் 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடுத்தர மதிப்பெண் பெற்றவர்களையும் பெருந்தொகையில் அல்ஜீப்ராவுக்கு முன்னதாகவே அனுப்பிப் பார்த்தனர். டியூக் பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் கிளாட்ஃபெல்டர், ஹெலன் லாட், ஜேக்கப் விக்டர் ஆகியோர் அதன் பலனை ஆராய்ந்தனர். அடிப்படை பலப்படாத பிள்ளைகள் அல்ஜீப்ராத் தேர்விலும் பின்வாங்கினர். அடுத்த பாடங்களில் தேறும் வாய்ப்பும் அவர்களுக்குக் குன்றியது. கருணையினால் செய்யப்பட்டதாயினும் அது அப்பிள்ளைகளுக்குத் தீங்காகவே முடிந்தது.

வட கரோலினாவின் சட்டசபை 2018இல் ஒரு சட்டம் இயற்றியது. ஆண்டிறுதிக் கணிதத் தேர்வில் மிக உயர்ந்த தரம் பெற்ற மாணவரை அடுத்த ஆண்டு மேல்நிலைக் கணித வகுப்பில் பள்ளி சேர்த்தாக வேண்டும். 7ஆம் வகுப்பில் அத்தரம் பெற்றவருக்கு 8ஆம் வகுப்பில் உயர்நிலைப் பள்ளிக் கணிதம் அளித்தாக வேண்டும். டெக்சாஸ் மாநிலம் 2023இல் இயற்றிய சட்டம் இன்னும் சற்று விரிந்தது. அங்கு 5ஆம் வகுப்புக் கணிதத் தேர்வில் முதல் நாற்பது சதவிகிதத்தினுள் வரும் பிள்ளைகள், கேளாமலேயே 6ஆம் வகுப்பின் உயர்தரக் கணிதத்தில் சேர்க்கப்படுவர்.

இவ்விரு சட்டங்களிலும் விண்ணப்பம் செய்யும் பாரம் இடம் மாறிவிட்டது. முன்னர், பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளுமாறு பெற்றோர் பள்ளியை நாட வேண்டியிருந்தது. இப்பொழுதோ, டெக்சாஸில் பெற்றோர் வேண்டாம் என்றால்தான் பிள்ளை விலகி நிற்க இயலும். வட கரோலினாவில் தகுதி பெற்ற மாணவனை அவ்வகுப்பிலிருந்து நீக்கப் பெற்றோரின் எழுத்து மூலமான சம்மதம் தேவை.