இண்டிகேட்டர் வேகமாகத் துடிக்கிறதா? பிளாஷரை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

அலங்காநல்லூர் பக்கமிருந்து காய்கறியும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு மாட்டுத்தாவணி சந்தைக்கு வரும் விவசாயிகள் பலருக்குக் கோரிப்பாளையம் சந்திப்பு நன்றாகத் தெரியும். ஏ.வி. பாலம் ஏறி வரும் வண்டிகள், அரசு இராசாசி மருத்துவமனைக்கு விரையும் ஆம்புலன்ஸ்கள், இடைவெளி கிடைத்தால் நுழையும் இரு சக்கர வாகனங்கள் என்று எந்நேரமும் நெரிசல்தான். அந்த இடத்தில் பழைய மினி லாரியையோ டிராக்டர் டிரெய்லரையோ திருப்பும்போது, பின்னால் வருபவருக்கு நாம் தகவல் சொல்ல இருப்பது இண்டிகேட்டர் விளக்கு மட்டும்தான்.

அந்த விளக்கு திடீரென்று படபடவென அடித்தாலோ, மெதுவாக எரிந்து அணைந்தாலோ, பலர் நேராகக் கடைக்குப் போய் புது பிளாஷர் வாங்கி மாட்டுகிறார்கள். பல நேரங்களில் கோளாறு பிளாஷரில் இருப்பதில்லை. எங்கோ ஒரு பல்பு போயிருக்கிறது என்பதைத்தான் அது நமக்குச் சொல்கிறது.

சரியான வேகம் எது?

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன்படி, இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60-க்குக் குறையாமலும் 120-ஐத் தாண்டாமலும் துடிக்க வேண்டும். கைப்பேசிக் கடிகாரத்தை வைத்து 15 விநாடி எண்ணுங்கள். 15 முதல் 30 முறைக்குள் எரிந்தால் சரி.

மெதுவாக எரிந்தால் என்ன ஆகிவிடும் என்று நினைக்க வேண்டாம். நிமிடத்துக்கு 30 முறை மட்டும் எரிந்தால், ஒரு முறை எரிந்து அணைய 2 விநாடி ஆகும். 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பைக் அந்த 2 விநாடியில் 22 மீட்டர் கடந்துவிடும். நீங்கள் திரும்பப் போவது அவருக்குத் தெரியும்போது அவர் உங்கள் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருப்பார்.

பிளாஷர் எப்படி வேலை செய்கிறது?

பழைய வண்டிகளில் இருப்பது சூட்டால் இயங்கும் பிளாஷர். இரண்டு வகை உலோகத்தை ஒட்டிச் செய்த சிறு தகடு அதற்குள் இருக்கும். பல்புக்குப் போகும் மின்சாரம் தகட்டைச் சூடாக்கும். சூடானதும் தகடு வளைந்து இணைப்பை விட்டுவிடும், விளக்கு அணையும். ஆறியதும் மீண்டும் ஒட்டும், விளக்கு எரியும். ஆகவே, பல்புகள் எவ்வளவு மின்சாரம் இழுக்கின்றன என்பதைப் பொறுத்தே இதன் வேகம் அமையும். ஒரு பல்பு போய்விட்டால் தகடு சூடாக நேரம் பிடிக்கும். அப்போது விளக்கு மெதுவாகத் துடிக்கும், அல்லது அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். டிரெய்லர் பல்புகளையும் சேர்த்து இணைத்தால் வேகம் கூடும்.

பின்னாளில் வந்தது எலக்ட்ரானிக் பிளாஷர். இதில் வேகத்தை உள்ளே இருக்கும் சிறு சர்க்யூட் முடிவு செய்கிறது. ஒரு பல்பு போனால் ஓட்டுநருக்குத் தெரியட்டும் என்று வேண்டுமென்றே ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் அடிக்கும்படி பல பிளாஷர்களை வடிவமைத்திருக்கிறார்கள்.

எதை முதலில் பார்ப்பது?

1. இடது, வலது இரண்டையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கோளாறு என்றால் பிளாஷர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. அந்தப் பக்கத்துப் பல்பு, ஹோல்டர், ஒயரைப் பாருங்கள். இரண்டு பக்கமும் கோளாறு என்றால்தான் பிளாஷர், பேட்டரி, பியூஸ் மீது சந்தேகம் கொள்ள வேண்டும்.

2. பல்பைக் கழற்றி எழுத்தைப் படியுங்கள். இண்டிகேட்டருக்குப் பொதுவாக 21 வாட் பல்பு. அவசரத்துக்கு 10 வாட் அல்லது 5 வாட் போட்டிருந்தால் விளக்கு எரியும், ஆனால் வேகம் மாறிவிடும். 12 வோல்ட், 24 வோல்ட் எது என்பதையும் கவனியுங்கள்.

3. எர்த்தைச் சோதியுங்கள். சேறும் உரமும் படும் வண்டிகளில் அதிகம் வருவது இந்தக் கோளாறுதான். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறதா? எர்த் சரியில்லை என்று அர்த்தம். பேட்டரியின் நெகட்டிவிலிருந்து ஒரு ஒயரை விளக்கின் எர்த் இணைப்பில் தொட்டுப் பாருங்கள். வேகம் சரியானால், எர்த் போல்ட்டைக் கழற்றி உப்புத்தாளால் துருவைத் தேய்த்து இறுக்கினால் போதும்.

4. எஞ்சின் மெதுவாக ஓடும்போது மட்டும் துடிப்பு குறைந்து, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் சரியாகிறது என்றால் பேட்டரியையும் சார்ஜிங்கையும் பாருங்கள்.

5. இவையெல்லாம் சரியாக இருந்தால் மட்டும் பிளாஷரை மாற்றுங்கள். பழையதன் மேல் எழுதியிருக்கும் வோல்ட், வாட் கணக்கைப் பார்த்து அதே அளவில் வாங்குங்கள். மூன்று கால் உள்ள பிளாஷரில் 49 என்பது மின்சாரம் வரும் கால், 49ஏ என்பது விளக்குக்குப் போகும் கால், 31 என்பது எர்த். இரண்டு கால் உள்ள பழையதை எடுத்துவிட்டு மூன்று கால் உள்ளதைப் போட்டால், எர்த் ஒயர் தனியாகக் கொடுக்க வேண்டும்.

எல்.இ.டி. போட்டால்?

எல்.இ.டி. விளக்கு மிகக் குறைந்த மின்சாரத்தையே இழுக்கும். அதனால் சூட்டுப் பிளாஷர் துடிக்காமல் நின்றுவிடலாம். எலக்ட்ரானிக் பிளாஷரோ பல்பு போய்விட்டது என்று எண்ணி வேகமாக அடிக்கும். சிலர் இதைச் சரிசெய்ய ரெசிஸ்டர் மாட்டுகிறார்கள். அது கடுமையாகச் சூடாகும். வைக்கோல் ஏற்றும் வண்டியில் அது ஆபத்து. எல்.இ.டி.க்கு ஏற்ற பிளாஷரைப் போடுவதே நல்லது.

டிரெய்லர் வைத்திருப்போர் கவனத்துக்கு

டிராக்டருக்கான பிளாஷரிலேயே டிரெய்லர் விளக்கையும் இணைத்திருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. டிரெய்லரின் பல்பு போனாலும் டிராக்டரின் இரண்டு பல்புகளும் போதுமான மின்சாரத்தை இழுத்துக்கொண்டிருக்கும். டேஷ்போர்டில் துடிப்பு வழக்கம்போலவே தெரியும். நீங்கள் சிக்னல் போட்டதாக நினைப்பீர்கள், பின்னால் வருபவருக்கு எதுவும் தெரியாது. டிரெய்லருக்கும் சேர்த்து வாட் கணக்குள்ள பிளாஷரையும், டிரெய்லருக்கென்று தனி பைலட் விளக்கையும் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் பொருத்திக்கொள்ளுங்கள்.

பைலட் விளக்கு இருந்தாலும், சுமை ஏற்றியபின் இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு இறங்கி ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். விளக்கை மறைக்கும் வைக்கோலையும் கரும்புத் தோகையையும் ஒதுக்கிக் கட்டுங்கள், கண்ணாடியில் படிந்த சேற்றைத் துடையுங்கள். பின்னால் சிவப்பு ரிப்ளெக்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு நிமிட வேலைதான். சந்தைக்குப் போகும் அவசரத்திலும் இதை விட்டுவிடாதீர்கள்.