அடைப்பை அகற்றும் வேளையில் நேரும் அபாயங்கள்

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ நெஞ்சுவலி கண்டு, கோலாலம்பூரில் 1992 முதல் இயங்கிவரும் ஐ.ஜே.என். என்ற தேசிய இருதய மருத்துவமனையை நாடும் ஒருவரின் குடும்பத்தார், இருதய இரத்தக்குழாயின் அடைப்பு நீங்கிற்றா என்று கேட்பதோடு திருப்தியடைவது இயல்பே. எனினும், அடைப்பை நீக்கும் அச்சிகிச்சையின்போது நேர்ந்த இடையூறுகளை ஒன்றுவிடாமல் குறித்துவைத்து ஆராய்வது, வைத்திய சாஸ்திரத்தின் உத்தமமான கடமைகளுள் ஒன்றென்றே கருதுகிறேன்.

1977இல் ஜூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருண்ட்சிக் முதன்முதலில் செய்துகாட்டிய இம்முறையில், மணிக்கட்டு அல்லது தொடை இரத்தக்குழாய் வழியே 0.014 அங்குலக் கம்பியொன்றைச் செலுத்தி, அதன்மேல் பலூனை ஏற்றி அடைப்பில் விரிக்கிறார்கள். பின்னர் பெரும்பாலும் ஸ்டென்ட் என்னும் வலைக்குழலைப் பொருத்துகிறார்கள். அபூர்வமாக அக்கம்பியோ பலூனோ குழாயின் சுவரைத் துளைத்துவிட்டால், கசியும் இரத்தம் இருதயத்தைச் சூழ்ந்த உறைக்குள் தேங்கி, இருதயம் விரியவொட்டாமல் நெருக்கும். அப்போது பலூனாலேயே ஓட்டையை அடைத்து, தேங்கியதை ஊசியால் வெளியேற்றுவர். படமெடுக்கச் செலுத்தும் சாயமோ, நீரிழிவால் நலிந்த சிறுநீரகத்தை மேலும் வாட்டக்கூடும்.

இத்தகைய விபத்துகள் ஒரே மருத்துவரின் அனுபவத்தில் மிகச் சிலவே வருமாதலால், பல மருத்துவமனைகளின் இச்சிகிச்சை விவரங்களை ஒன்றுதிரட்டும் மலேசியாவின் தேசியப் பதிவேடு 2007 முதல் அரிய தொண்டாற்றி வருகிறது. தொடையைவிட மணிக்கட்டு வழியில் இரத்தப்போக்கு குறைவென்பது, பல தேசங்களில் ஆயிரக்கணக்கான நோயாளிகளை ஒப்பிட்ட ஆராய்ச்சியால் நிலைபெற்ற உண்மை.

ஆகவே வாசகர்களே, சிறுநீரகக் குறையிருப்பின் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஸ்டென்ட் பொருத்தியபின் தரும் இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைகளை அவரைக் கேளாமல் ஒருநாளும் நிறுத்தாதீர்கள்.