பழைய பிக்கப்புக்குச் சிந்தெட்டிக் எண்ணெய்: ஆகுமா, ஆகாதா?

பத்து காஜா, பூசிங், சிபுத்தே, தஞ்சோங் துவாலாங் வட்டாரத்து வாசகர்களே! தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்து சொந்தத் தொழில் தொடங்கிய பல குடும்பங்களுக்குப் பழைய பிக்கப் வண்டிதான் மூலதனம். புல்வெட்டும் இயந்திரத்தை ஏற்ற, சந்தைக்குக் காய்கறி கொண்டு போக, கோயில் திருவிழாவுக்குப் பந்தல் சாமான் இறக்க, எல்லாவற்றுக்கும் அதுவே துணை. அந்த வண்டி ஒரு வாரம் பட்டறையில் படுத்துவிட்டால் வீட்டில் அந்த வாரத்து வருமானமும் படுத்துவிடும்.

2024 ஜூன் 10-ஆம் நாள் தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியது. அதன் பிறகு வண்டிச் செலவை ஒவ்வொரு காசாக எண்ணிப் பார்க்காத வீடு ஏது? இந்த நேரத்தில்தான் பட்டறையில் அந்தக் கேள்வியும் எழுகிறது. “தவுக்கே, இதற்குச் சிந்தெட்டிக் எண்ணெய் ஊற்றலாமா?” என்று கேட்டால் ஒருவர், “தாராளமாக ஊற்று, என்ஜின் புதிதுபோல் ஆகிவிடும்” என்பார். பக்கத்தில் நிற்பவரோ, “ஐயையோ வேண்டாம்! பழைய என்ஜினுக்கு அது ஆகாது, ஒழுக ஆரம்பித்துவிடும்” என்பார். இருவர் சொல்வதும் முழு உண்மை அல்ல. உண்மை எது என்று நிதானமாகப் பார்ப்போம்.

எண்ணெய்க்கு என்ன வேலை?

பத்து காஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங் போகும் வழியில் ஈயம் தோண்டிய பெரிய மிதவைக் கப்பலைப் பார்த்திருப்பீர்கள். டி.டி. 5 என்று பெயர். 1938-இல் கட்டப்பட்டு 1982 வரை உழைத்த அந்த இயந்திரத்தின் எடை ஏறக்குறைய 4,500 டன். இத்தனை பெரிய இரும்பானாலும் சரி, உங்கள் பிக்கப்பின் பிஸ்டனானாலும் சரி, நியதி ஒன்றுதான். இரும்போடு இரும்பு உராயக் கூடாது. நடுவில் எண்ணெய்ப் படலம் இருக்க வேண்டும்.

நாம் ‘மிஞ்ஞாக் ஹித்தாம்’ என்று கேட்டு வாங்கும் என்ஜின் எண்ணெய் உராய்வைத் தடுப்பதோடு நிற்பதில்லை. சூட்டைச் சுமந்து செல்கிறது. கரியையும் அழுக்கையும் தன்னோடு தூக்கிக்கொண்டு பில்டருக்குக் கொண்டு போகிறது. துருப் பிடிக்காமல் காக்கிறது. டீசல் வண்டியில் புது எண்ணெய் ஊற்றிய சில நாளிலேயே அது கறுத்துப் போவதைக் கண்டு பலர் கலங்குவார்கள். கலங்க வேண்டாம். கரி என்ஜினுக்குள் ஒட்டிக்கொள்ளாமல் எண்ணெயில் மிதக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

சிந்தெட்டிக் எங்கிருந்து வந்தது?

நம் முன்னோர் மாட்டு வண்டியின் அச்சுக்கு விளக்கெண்ணெயும் வைக்கோல் கரியும் குழைத்த மசையைப் போட்டார்கள். அதே விளக்கெண்ணெய் ஒரு காலத்தில் மோட்டார் என்ஜினுக்குள்ளும் போனது. 1909-இல் வந்த காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்ததுதான். பிறகு கச்சா எண்ணெயிலிருந்து வடித்த மினரல் எண்ணெய் உலகெங்கும் பரவியது.

1930-களிலும் இரண்டாம் உலகப் போரின்போதும் ஜெர்மனி கச்சா எண்ணெய்க்குத் திண்டாடியது. அங்கே இரசாயன நிபுணர்கள் ஆய்வுக்கூடத்தில் எண்ணெயை உருவாக்கினார்கள். போருக்குப் பிறகு ஜெட் விமானங்களுக்கு அத்தகைய எண்ணெய் தேவைப்பட்டது. 1972-இல் ஆம்சாயில், 1974-இல் மோபில் 1 என்று சாதாரணக் கார்களுக்கும் அது வந்து சேர்ந்தது.

இன்று கடையில் ‘புல்லி சிந்தெட்டிக்’ என்று விற்கும் டப்பாக்களில் பல, கச்சா எண்ணெயிலிருந்து செய்தவைதாம். கடுமையான சூட்டிலும் அழுத்தத்திலும் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தி அதன் மூலக்கூறுகளையே மாற்றி அமைக்கிறார்கள். அடிப்படை எண்ணெய் வகைகளில் இதற்கு மூன்றாம் பிரிவு என்று பெயர். நம் நாட்டில் மலாக்காவிலேயே பெட்ரோனாஸ் இதைத் தயாரிக்கிறது. ஆகவே சிந்தெட்டிக் என்பது ஏதோ அந்நியத் திரவம் அல்ல. மினரல் எண்ணெயைக் காட்டிலும் சீராகச் செய்த எண்ணெய். சூட்டில் எளிதில் கெட்டுப் போகாது, ஆவியாகிக் குறைவதும் குறைவு.

மூன்று பயங்கள்

முதல் பயம்: மினரல் எண்ணெயில் ஓடிய என்ஜினில் சிந்தெட்டிக் ஊற்றினால் இரண்டும் கலந்து கெட்டுவிடும் என்பது. அப்படி ஆகாது. இரண்டையும் கலந்தே ‘செமி சிந்தெட்டிக்’ என்று விற்கிறார்களே!

இரண்டாம் பயம்: ஒருமுறை மாற்றினால் திரும்ப முடியாது என்பது. இதுவும் தவறு. அடுத்த முறை மினரல் எண்ணெய்க்கே திரும்பலாம்.

மூன்றாம் பயம்: ஒழுகும் என்பது. இதில் பாதி உண்மை உண்டு. ஆரம்ப காலத்துச் சிந்தெட்டிக் எண்ணெய்களில் சில, ரப்பர் சீல்களைச் சுருங்க வைத்தன. இன்றைய எண்ணெய்களில் அந்தக் குறையைச் சரி செய்துவிட்டார்கள். ஆனால் நாள்பட்ட என்ஜினில் தேய்ந்த சீலின் இடுக்கைப் பழைய கசடு அடைத்துக்கொண்டிருக்கும். நல்ல எண்ணெய் அந்தக் கசட்டைக் கழுவிவிட்டால் ஒழுக்கு வெளியே தெரியும். சீலைக் கெடுத்தது புது எண்ணெய் அன்று; முன்பே கெட்டிருந்ததை அது காட்டிக் கொடுத்தது, அவ்வளவுதான். தழும்பை மறைத்திருந்த துணியை எடுத்தவன் மீது குற்றம் சொல்லலாமா?

முதலில் என்ஜினைப் பாருங்கள்

எண்ணெய் வாங்கக் கடைக்குப் போகுமுன் வீட்டு வாசலிலேயே ஐந்து சோதனைகள் செய்து பாருங்கள்.

ஒன்று: இரவு வண்டியின் அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் சொட்டு விழுந்திருந்தால், எந்த இடத்திலிருந்து விழுந்தது என்று பார்த்து, அந்தச் சீலையோ கேஸ்கெட்டையோ முதலில் மாற்றுங்கள்.

இரண்டு: எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து உட்புறம் பாருங்கள். தார் போன்ற கசடு திரண்டிருந்தால் முன்பு வைத்திருந்தவர் நேரத்துக்கு எண்ணெய் மாற்றவில்லை என்று பொருள். தேங்காய்ப் பால் நிறத்தில் நுரை இருந்தால் தண்ணீர் கலக்கிறதா என்று பட்டறையில் சோதிக்க வேண்டும்.

மூன்று: புகைக்குழாயைக் கவனியுங்கள். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது.

நான்கு: அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்துக் குறித்து வையுங்கள். ஓராயிரம் கிலோமீட்டரில் ஒரு லிட்டர் குறைந்தால் விலை உயர்ந்த எண்ணெய் வாங்குவது காசைப் புகையாக விடுவதற்குச் சமம். அந்தப் பணத்தை ரிங், வால்வு சீல் பழுதுக்கு வையுங்கள்.

ஐந்து: அளவு ஏறுகிறதா என்றும் பாருங்கள். எண்ணெய் கூடினால் மகிழ்ச்சி அடைய வேண்டாம். டீசல் அதில் கலக்கிறது என்று பொருள். 2019-இல் நம் வண்டிகளுக்கு 10 விழுக்காடு செம்பனை டீசல் வந்தது. செம்பனை டீசல் எண்ணெயில் கலந்துவிட்டால் சாதாரண டீசலைப் போல எளிதில் ஆவியாகிப் போகாது. முகர்ந்து பார்த்து டீசல் வாடை அடித்தால் இன்ஜெக்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

இந்த ஐந்திலும் தேறிய வண்டிக்குச் சிந்தெட்டிக் தாராளமாகப் போடலாம். அதிலும் டர்போ உள்ள டீசல் பிக்கப்பில் சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை ஏறிக் காய்கறி இறக்குபவர்களுக்கு அது உண்மையிலேயே பயன் தரும். டர்போவின் அச்சு கடும் சூட்டில் சுழல்வது. மட்டமான எண்ணெய் அங்கே கரிந்து போகும். எந்த எண்ணெய் ஊற்றினாலும் மலை ஏறி வந்ததும் என்ஜினைச் சட்டென்று அணைக்காமல் ஒரு நிமிடம் சும்மா ஓட விடுங்கள்.

டப்பாவில் உள்ள எழுத்து

விலையைப் பார்க்குமுன் எழுத்தைப் பாருங்கள். 15டபிள்யூ-40 என்றால் ‘டபிள்யூ’ குளிர்காலத்தைக் குறிக்கும். முன்னால் உள்ள எண் குளிரில் எப்படி ஓடும் என்பதையும், பின்னால் உள்ள எண் என்ஜின் சூடான பின் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதையும் சொல்லும். பனி பெய்யும் நாட்டுக்காரருக்கு முன் எண் மிக முக்கியம். பத்து காஜாவில் விடியற்காலையில் கூடப் பனிக்கட்டி உறைவதில்லையே! ஆகவே, ‘0’ என்று போட்டிருக்கிறது என்பதற்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். பின் எண் உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ளபடி இருக்கட்டும்.

அடுத்து ஏ.பி.ஐ. தரம். ‘எஸ்’ எழுத்தில் தொடங்குவது பெட்ரோல் என்ஜினுக்கு. ‘சி’ எழுத்தில் தொடங்குவது டீசலுக்கு. சி.ஐ-4 என்பது 2002-இலும் சி.கே-4 என்பது 2016-இலும் வந்த டீசல் தரங்கள். டீசல் பிக்கப்புக்குப் பெட்ரோல் காரின் எண்ணெயை, சிந்தெட்டிக்தானே என்று ஊற்றிவிடாதீர்கள். டீசல் கரியைச் சுமக்கும் ஆற்றல் டீசல் எண்ணெய்க்கே உரியது. புகைக்குழாயில் கரி வடிகட்டி பொருத்திய புதிய ரக வண்டியானால், அதற்கென்று கையேடு குறிப்பிடும் எண்ணெயைத் தவிர வேறு எதுவும் வேண்டாம்.

மாற்றும் முறை

கசடு மிகுந்த என்ஜினை ஒரே நாளில் சுத்தம் செய்ய நினைத்துக் கடுமையான கழுவும் மருந்தை ஊற்றுவது ஆபத்து. பெயர்ந்து வரும் கசடு எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைத்தால் என்ஜின் எண்ணெயின்றித் தவிக்கும். மெல்லப் போவதே நலம். முதலில் சாதாரண எண்ணெயும் புது பில்டரும் போட்டு 2,000 அல்லது 3,000 கிலோமீட்டர் ஓட்டுங்கள். பிறகு அதை வடித்துவிட்டுச் சிந்தெட்டிக் ஊற்றி, மீண்டும் புது பில்டர் போடுங்கள். முதல் சிந்தெட்டிக் எண்ணெயை 5,000 கிலோமீட்டரிலேயே மாற்றுங்கள். அதுவரை வாரம் ஒரு முறை அளவுக் கம்பியைப் பாருங்கள்.

இதையெல்லாம் குறித்து வைக்கச் சீனர் கடைக் கடன் கணக்கு எழுதும் அதே 555 புத்தகம் போதும். தேதி, மீட்டர் எண், ஊற்றிய எண்ணெய், செலவு என்று நான்கு கட்டம் போதும். அந்தப் புத்தகம் வீட்டுத் தலைவியின் கையில் இருப்பது இன்னும் நல்லது!

கூட்டல் கழித்தல்

விலை கடைக்குக் கடை வேறுபடும். கணக்குப் போடும் முறைக்காக ஓர் உதாரணம் பார்ப்போம். என்ஜினுக்கு 7 லிட்டர் தேவை. பில்டர் 25 வெள்ளி. ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். மினரல் எண்ணெய் லிட்டர் 18 வெள்ளி என்றால் ஒரு தடவைக்கு 151 வெள்ளி. 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை என ஆண்டுக்கு நான்கு தடவை, 604 வெள்ளி. சிந்தெட்டிக் லிட்டர் 40 வெள்ளி என்றால் ஒரு தடவைக்கு 305 வெள்ளி. 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை என இரண்டு தடவை, 610 வெள்ளி.

பார்த்தீர்களா? ஏறக்குறைய ஒரே செலவு! ஆனால் என்ஜின் தேய்ந்து, கரியும் டீசலும் எண்ணெயில் சீக்கிரம் கலக்கும் வண்டியானால் சிந்தெட்டிக்கையும் 5,000-இலேயே மாற்ற வேண்டும். அப்போது செலவு 1,220 வெள்ளி. அழுக்கடைந்த எண்ணெய் எந்த விலைக்கு வாங்கியதானாலும் அழுக்கு எண்ணெய்தான். ஆக, சிந்தெட்டிக் கட்டுமா கட்டாதா என்பதை உங்கள் என்ஜினின் நலமே முடிவு செய்கிறது. செம்மண் பாதையில் பாரம் ஏற்றி ஓடும் வண்டி, கையேடு சொல்லும் முழுத் தூரத்துக்கும் காத்திருக்கவே கூடாது.

மலிவு விலைக்கு மயங்கிப் போலி எண்ணெய் வாங்குவது இதனினும் பெரிய நட்டம். நம்பிக்கையான கடையில் வாங்குங்கள். முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். காலி டப்பாவை எறியுமுன் ஓர் ஓட்டை போட்டு எறிந்தால், வேறொருவர் அதில் போலியை நிரப்பி விற்க முடியாது.

பழையதை எங்கே ஊற்றுவது?

வடித்த எண்ணெயைக் கால்வாயிலோ ஈயச் சுரங்கக் குட்டையிலோ ஊற்றாதீர்கள். அந்தக் குட்டையில்தான் நம் பிள்ளைகள் தூண்டில் போடுகிறார்கள். கரையானுக்கு நல்லது என்று வேலிக் கம்பத்தில் பூசுவதும் வேண்டாம்; மழையில் கரைந்து கிணற்றுக்கும் கீரைப் பாத்திக்கும் போகும். 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி கழிவு என்ஜின் எண்ணெய், எஸ்.டபிள்யூ. 305 என்ற எண்ணில் பட்டியலிட்ட அபாயக் கழிவு. டப்பாவில் பிடித்து மூடி, சேகரித்து அனுப்பும் பட்டறையில் ஒப்படையுங்கள். கையில் பட்டால் சவர்க்காரம் போட்டு உடனே கழுவுங்கள்.

அச்சாணி இல்லாத் தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். பிக்கப்புக்கு அந்த அச்சாணி, டப்பாவின் மேல் பளபளக்கும் பெயர் அன்று. ஒழுக்கை முதலில் அடைப்பதும், சரியான தரம் பார்த்து வாங்குவதும், நாள் தவறாமல் மாற்றுவதும்தான். இவை மூன்றும் இருந்தால் மினரல் எண்ணெயிலும் உங்கள் வண்டி நெடுநாள் உழைக்கும். சிந்தெட்டிக்கில் இன்னும் நன்றாகவே உழைக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை காலை, என்ஜின் சூடாகுமுன், அளவுக் கம்பியை இழுத்துப் பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள்.