அப்பத்தாவுக்கு எதுக்கு டிப்ரஷன் மாத்திரை?

இந்த எபிசோடு நான் பண்ணின ஒரு தப்புல இருந்து ஆரம்பிக்குது.

திருச்சுழியில இருக்கிற எங்க அப்பத்தாவுக்குப் பல வருஷமா சுகர். ராத்திரியானா மிளகாய் அரைச்சுத் தேய்ச்ச மாதிரி உள்ளங்கால் எரியும். அருப்புக்கோட்டையில ஒரு டாக்டர் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். சில வாரத்துல எரிச்சல் குறைஞ்சு, தூங்க ஆரம்பிச்சாங்க. அப்புறம்தான் நான் மாத்திரைப் பேரை கூகுள் பண்ணி, "அப்பத்தா, இது டிப்ரஷன் மாத்திரை"ன்னு போன்ல சொன்னேன். "ஏய்யா, எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?"ன்னு கேட்டவங்க, அன்னைக்கே நிறுத்திட்டாங்க. எரிச்சல் திரும்ப வந்துருச்சு.

நான் படிச்சது பாதி உண்மை. 1961ல அமெரிக்காவில் மனச்சோர்வுக்குத்தான் இந்த மருந்துக்கு அனுமதி கிடைச்சது. ஆனா இன்னைக்குக் குறைஞ்ச அளவுல நரம்பு வலிக்கும், அக்கி ஆறின பிறகும் விடாத வலிக்கும், ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராம தடுக்கவும் இதைக் கொடுக்கிறாங்க. ஐ.பி.எஸ்.ங்கிற குடல் தொந்தரவுக்கும் இது உதவுதுன்னு 463 பேரை வெச்சு நடந்த பிரிட்டன் ஆய்வு ஒண்ணு 2023ல வெளியாச்சு.

எப்படி? சுகரால சேதமான நரம்பு, காயமே இல்லாம மூளைக்கு வலி சிக்னல் அனுப்பும். சர்வர் நல்லா இருக்கும்போதே நடுராத்திரி அலர்ட் அடிக்குமே, அந்த மாதிரி. இந்த சிக்னலை அடக்க, மூளையில இருந்து தண்டுவடத்துக்கு இறங்குற ஒரு பாதை நம்ம உடம்புலயே இருக்கு. அதுக்கு நோர்அட்ரினலின் தேவை. நரம்பு முனை அதைத் திரும்ப உறிஞ்சிக்காம இந்த மருந்து தடுக்குது. அதனாலதான் மனச்சோர்வே இல்லாதவங்களுக்கும் வலி குறையுது.

ஆனா இது சேதமான நரம்பைச் சரிபண்ணாது. சுகரைக் கட்டுப்படுத்தியே ஆகணும். எல்லாருக்கும் கேட்கும்னும் இல்ல. வாய் வறளும், மலச்சிக்கல் வரும். வயசானவங்களுக்கு எழுந்து நிக்கும்போது தலைசுத்தி விழுற ஆபத்து இருக்கு. இதய நோய், கண் அழுத்தம், சிறுநீர் அடைப்பு இருந்தா டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லணும். அளவு மீறினா உயிருக்கே ஆபத்து, அதனால குழந்தைங்க கைக்கு எட்டாம வைங்க.

டாக்டர்கிட்ட மறுபடி பேசி, அப்பத்தா திரும்ப ஆரம்பிச்சுட்டாங்க. நான் விளக்கினதும், "இதை மொதல்லயே கேட்டுட்டுச் சொல்லியிருக்கலாம்ல"ன்னாங்க. வீட்ல பெரியவங்க மாத்திரையைப் பத்தி சந்தேகம் வந்தா, அவங்ககிட்ட எதையும் சொல்றதுக்கு முன்னாடி, "இது இவங்களுக்கு எதுக்கு?"ன்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.