உங்களுக்குத் தெரியுமா? மேடையை விட்டு இறங்கிய பாதல் சர்க்கார்

● 1925-ல் கொல்கத்தாவில் பிறந்த பாதல் சர்க்கார் படிப்பால் பொறியாளர். நகரமைப்பு வல்லுநராக இந்தியாவிலும் இங்கிலாந்திலும் நைஜீரியாவிலும் வேலை பார்த்தார். நாடகம் எழுதுவது, இயக்குவது, நடிப்பது எல்லாம் வேலையோடு வேலையாக நடந்தன.

● 1963-ல் எழுதிய 'ஏவம் இந்திரஜித்' நாடகம் அவரை இந்தியா முழுவதும் அறிமுகப்படுத்தியது. 1967-ல் 'சதாப்தி' நாடகக் குழுவைத் தொடங்கினார்.

● கிராமியக் கூத்து ஒன்று, நகரத்து மேடை நாடகம் இன்னொன்று. இரண்டிலிருந்தும் கற்றுக்கொண்டு அவர் உருவாக்கியதே 'மூன்றாம் அரங்கு'. மேடை, திரை, ஒளியமைப்பு, ஒப்பனை என எதையும் அது நம்பியிருக்கவில்லை. நடிகரின் உடலும் குரலும் போதும். கட்டணச் சீட்டு இல்லை. விரும்பியவர்கள் விரும்பியதைக் கொடுக்கலாம்.

● 'மிச்சில்' (ஊர்வலம்) நாடகத்தில் பார்வையாளர்கள் உட்காரும் இடங்களே வளைந்து செல்லும் தெருவாகிவிடும். நடிகர்கள் அவர்களுக்கு நடுவே நடந்து, ஓடி நடிப்பார்கள்.

● 1980-ல் சென்னையை அடுத்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் அவர் நடத்திய பயிற்சிப் பட்டறை, தமிழ் வீதி நாடகத்துக்கும் நவீன நாடகத்துக்கும் பெரும் உந்துதலாக அமைந்தது.

● அறுபது வயதைக் கடந்த பிறகு ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்து, ஒப்பிலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார்.

● 2010-ல் தேடி வந்த பத்மபூஷண் விருதை ஏற்க மறுத்தார். 2011-ல் மறைந்தார். செலவில்லாமல், திறந்த வெளியில், மக்களோடு மக்களாக நின்று நடிக்கும் ஒவ்வொரு குழுவிலும் அவர் இன்னும் வாழ்கிறார்.