சின்னக் கோடு செய்யும் பெரிய காவல்!

வகுப்பில் வாத்தியார் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதுகிறார்கள்.

“நாளை பள்ளிக்கு விடுமுறை முற்றுப்புள்ளி” என்கிறார் வாத்தியார்.

பிள்ளைகள் வாக்கியத்தை எழுதி, கடைசியில் ஒரு புள்ளி வைக்கிறார்கள். ‘முற்றுப்புள்ளி’ என்ற சொல்லை யாரும் எழுதவில்லை. அது புள்ளி வைக்கச் சொல்லும் உத்தரவு என்பது அவர்களுக்குத் தெரியும்.

அடுத்த வாக்கியம் வருகிறது: “வாக்கியத்தின் முடிவில் முற்றுப்புள்ளி வைக்க வேண்டும்.”

இப்போது என்ன செய்வது? புள்ளி வைப்பதா? சொல்லை எழுதுவதா? புதிதாகச் சேர்ந்த பையன் விழிக்கிறான். “இதைச் சொல்லாகவே எழுது” என்று வாத்தியார் சொன்ன பிறகுதான் அவன் பென்சில் நகர்கிறது.

இதே குழப்பம் கம்ப்யூட்டருக்கும் உண்டு. பையனாவது கொஞ்சம் யோசிப்பான். கம்ப்யூட்டருக்கு அந்த யோசனை கிடையாது!

வாசகத்துக்கு வேலி

கம்ப்யூட்டருக்கு நாம் இடும் கட்டளைகளின் தொகுப்புக்குப் புரோகிராம் என்று பெயர். அதில் கட்டளையும் இருக்கும். திரையில் காட்ட வேண்டிய வாசகமும் இருக்கும். இரண்டையும் பிரித்துக் காட்ட, வாசகத்தின் இரு பக்கமும் மேற்கோள் குறி போடுவார்கள். அப்படி அடைத்து வைத்த வாசகம் ‘ஸ்ட்ரிங்’ எனப்படும். மேற்கோள் குறிதான் அதற்கு வேலி.

"அம்மா வந்தாள்"

இதில் தொல்லை இல்லை. முதல் குறியில் வாசகம் தொடங்குகிறது. அடுத்த குறியில் முடிகிறது. ஆனால், அம்மா வாய் திறந்து பேசினால் வந்தது வினை!

"அம்மா "வா" என்றாள்"

நமக்கு இது புரிகிறது. கம்ப்யூட்டரோ ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துக்கொண்டு போகிறது. ‘அம்மா’வுக்கு அடுத்த குறியைக் கண்டதும், வாசகம் முடிந்துவிட்டது என்று முடிவு கட்டுகிறது. மிச்சமுள்ள ‘வா’ என்பதைக் கட்டளை என்று எண்ணுகிறது. அந்த இடத்தில் அப்படி ஒரு கட்டளை வர முடியாது. “பிழை” என்று சொல்லி நின்றுவிடுகிறது.

இதோ வழி!

உள்ளே இருக்கும் ஒவ்வொரு குறிக்கும் முன்னால், தலை இடப்பக்கம் சாய்ந்த ஒரு கோடு போட வேண்டும். அதன் பெயர் ‘பேக்ஸ்லாஷ்’.

"அம்மா \"வா\" என்றாள்"

“அடுத்து வருவது வேலி அல்ல, வெறும் எழுத்து” என்று கோடு எச்சரிக்கிறது. வாத்தியார் “சொல்லாகவே எழுது” என்றாரே, அதே வேலைதான். திரையில் கோடு தெரியாது. மேற்கோள் குறி மட்டும் தெரியும்.

இதை ‘எஸ்கேப்’ செய்வது என்பார்கள். எஸ்கேப் என்றால் தப்புவது. குறி, தன் வழக்கமான வேலையிலிருந்து தப்பித்துக்கொள்கிறது.

பைதான், ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மொழிகளில் இன்னொரு வழியும் உண்டு. வெளியே ஒற்றைக் குறி போட்டு அடைத்தால், உள்ளே இரட்டைக் குறி தாராளமாக வரலாம்.

கோடு வந்த கதை

இந்தக் கோட்டைக் கம்ப்யூட்டர் எழுத்துப் பட்டியலில் சேர்த்தவர் பாப் பெமர் என்ற அமெரிக்கர். அப்போது அவர் ஐ.பி.எம். கம்பெனியில் இருந்தார். 1961-ம் ஆண்டு கோடு பட்டியலில் ஏறியது. 1963-ல் ‘ஆஸ்கி’ என்ற பெயரில் அந்தப் பட்டியல் வெளிவந்தது.

வேடிக்கை என்னவென்றால், பெமர் இந்தக் கோட்டைக் கேட்டது வேறு காரியத்துக்காக! சாதாரணக் கோட்டையும் இதையும் சேர்த்துக் கூரை போல /\ என்று எழுதினால் ‘மற்றும்’. கவிழ்த்து \/ என்று எழுதினால் ‘அல்லது’. ‘அல்கால்’ என்ற மொழிக்கு இவை தேவைப்பட்டன.

எஸ்கேப் செய்யும் வேலை பிறகு வந்தது. அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் கென் தாம்சன் உருவாக்கிய ‘பி’ மொழியில், அந்த வேலையை நட்சத்திரக் குறிதான் பார்த்தது. அதை அடுத்து டென்னிஸ் ரிச்சி 1970-களின் தொடக்கத்தில் ‘சி’ மொழியை உருவாக்கினார். அதில் நட்சத்திரம் போய்க் கோடு வந்தது. பின்னால் வந்த ஜாவா, பைதான் முதலிய மொழிகளும் அதையே எடுத்துக்கொண்டன.

எழுத்தும் மாறும்!

கோட்டுக்கு இன்னொரு சக்தியும் உண்டு. சாதாரண எழுத்தை அது உத்தரவாக மாற்றிவிடும். கோட்டை அடுத்து ‘என்’ என்ற ஆங்கிலச் சிற்றெழுத்து வந்தால், “அடுத்த வரிக்குப் போ” என்று பொருள். ‘டி’ வந்தால், “இடம் விட்டு எழுது” என்று பொருள்.

புதியவர்கள் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைல் இருக்கும் இடத்தைக் குறிக்கவும் இதே கோடுதான். ஃபோல்டரின் பெயர் ‘என்’ எழுத்தில் தொடங்கினால் போச்சு! பெயர் இரண்டாக உடைந்து, பாதி அடுத்த வரியில் விழும். ஃபைல் கிடைக்காது.

கோட்டையே எழுத்தாகக் காட்ட வேண்டுமா? கோட்டுக்கு முன்னால் ஒரு கோடு போடுங்கள். \\ என்று இரண்டு எழுதினால் ஒன்று தெரியும்.

கட்டுரை எழுதும் சில புரோகிராம்கள், மேற்கோள் குறியை அழகாக வளைத்துவிடும். வளைந்த குறியைப் புரோகிராம் மொழிகள் பெரும்பாலும் வேலியாக ஏற்பதில்லை. நிமிர்ந்த குறிதான் வேண்டும்.

பெயரில் வந்த வம்பு

இது பிள்ளைகளின் பாடம் மட்டும்தானா? இல்லை.

பெயர், விலாசங்களைச் சேர்த்து வைக்கும் கம்ப்யூட்டர் பதிவேடுகளில் ‘எஸ்.க்யூ.எல்.’ என்ற மொழி வழங்குகிறது. அதில் வாசகத்துக்கு வேலி, ஒற்றைக் குறி. அயர்லாந்துக்காரர் ஓ'பிரையன் தம் பெயரை எழுதுகிறார். கோவாக்காரர் டி'சூசா தம் பெயரை எழுதுகிறார். பெயருக்குள்ளேயே குறி! புரோகிராம் எழுதியவர் இதை நினைத்துப் பார்க்காவிட்டால், பதிவேடு அந்தப் பெயரை ஏற்காது. குற்றம் பெயரில் இல்லை, புரோகிராமில்!

நல்லவர் பெயரில் இது தொல்லை. திருடன் கையில் இதுவே ஆயுதம். பெயர் கேட்கும் இடத்தில் அவன் ஒரு குறியைப் போட்டு வேலியை மூடுகிறான். அதை அடுத்து, “எல்லாருடைய விவரமும் காட்டு” என்று கட்டளை எழுதுகிறான். கம்ப்யூட்டர் சந்தேகப்படாது. காட்டிவிடும்!

பிரிட்டனில் ‘டாக்டாக்’ என்ற டெலிபோன் கம்பெனி, 2015 அக்டோபரில் இந்த வகைத் தந்திரத்துக்கு இரையானது. 1,56,959 வாடிக்கையாளர்களின் விவரங்கள் வெளியே போயின. அவர்களில் 15,656 பேருடைய பாங்குக் கணக்கு விவரமும் போயிற்று. தடுக்கும் வழி தெரிந்திருந்தும் செய்யவில்லை என்று, 2016-ல் கம்பெனிக்கு 4 லட்சம் பவுன் அபராதம் விழுந்தது.

தனிக் கவர்

எஸ்.க்யூ.எல்.-லில் உள்ளே வரும் ஒற்றைக் குறியை இரண்டு தடவை எழுதினால், அது எழுத்தாகிவிடும். ஆனால், ஒவ்வோர் இடத்திலும் கையால் செய்தால் எங்காவது மறந்துபோகும். ஆகவே, இப்போது அதைவிட நல்ல முறை கையாளப்படுகிறது.

உத்தரவை ஒரு தாளில் எழுதுங்கள். வாடிக்கையாளர் எழுதிய பெயரைத் தனிக் கவரில் போட்டு ஒட்டிக் கொடுங்கள். கவருக்குள் எது இருந்தாலும் அது பெயர்தான், உத்தரவு ஆகாது. எஸ்.க்யூ.எல்.-லில் இதற்கு வசதி இருக்கிறது. பெயர் வரும் இடத்தைக் காலியாக விட்டு உத்தரவை அனுப்பலாம். பெயரைத் தனியே அனுப்பலாம்.

வீட்டில் பிள்ளைகள் புரோகிராம் எழுதப் பழகுகிறார்களா? “பிழை” என்று வந்தால், முதலில் மேற்கோள் குறிகளை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் குறி வேலி, எந்தக் குறி எழுத்து என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பல நேரங்களில் பிழை அங்கேயே அகப்பட்டுவிடும்!