ஈரக் கட்டு

விராலிமலையைச் சுற்றியுள்ள மானாவாரிக் காடுகளில் களை எடுப்போரும், வேலிக்கு முள் வெட்டுவோரும், கல் உடைப்போரும் கைகால்களில் காயம் படாமல் ஒரு பருவத்தைக் கழிப்பது அபூர்வம். அரிவாள் தவறி விரலில் பட்டால், வரப்போரத்தில் படர்ந்து கிடக்கும் வெட்டுக்காயப் பூண்டின் இலையைப் பறித்து, உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, அந்தப் பச்சைச் சாற்றைக் காயத்தின்மேல் பிழிந்துவிட்டு, துண்டின் ஓரத்தைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்வது நம் கிராமங்களில் நெடுநாளாக வந்த வழக்கம். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பிரதேசங்களிலிருந்து வந்து நம் மண்ணில் குடியேறிய அந்தப் பூண்டை, ஏட்டில் எழுதி வைத்தவர் எவருமின்றித் தம் கண்ணால் கண்டு, கையால் சோதித்து, மஞ்சளோடும் வல்லாரையோடும் விராலி இலையோடும் ஒரே ஔஷத வரிசையில் நம் ஜனங்கள் சேர்த்துக்கொண்டார்கள். இந்த வழக்கத்தில் பிரயோஜனம் எவ்வளவு, அபாயம் எவ்வளவு என்று பிரித்து அறிய வேண்டுமானால், ரணம் ஆறும் விதத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

தோல் கிழிந்தவுடன் சரீரம் முதலில் செய்வது ரத்தத்தை உறையவைப்பது. அடுத்த சில நாட்கள் வெள்ளணுக்கள் அங்கே திரண்டு, கிருமிகளையும் செத்த திசுக்களையும் அப்புறப்படுத்துகின்றன. காயத்தைச் சுற்றிச் சிவந்து, வீங்கி, சூடு காண்பது இந்தக் கட்டத்தில்தான். பிறகு நார்த்திசுவை உண்டாக்கும் அணுக்கள் கொலாஜன் என்னும் புரத இழையைச் சுரக்கத் தொடங்க, நுண்ணிய ரத்தக்குழாய்கள் துளிர்க்க, சிவந்த புதுச்சதை பள்ளத்தை நிரப்ப, நாலா புறத்து ஓரங்களிலிருந்தும் மேல்தோல் அணுக்கள் நடுவை நோக்கி ஊர்ந்து வருகின்றன. வாய் மூடிய பின்னும் வேலை முடிந்துவிடுவதில்லை. பல மாதங்கள், சில வேளைகளில் ஒரு வருஷத்துக்கு மேலும், உள்ளே கொலாஜன் இழைகள் மாறிமாறி அமைந்து முறுக்கேறுகின்றன. அப்படியும் ஆறிய தோல் பழைய பலத்தில் ஏறக்குறைய 80 சதவிகிதத்தைத்தான் எட்டுகிறது.

காயம் காய்ந்தால்தான் ஆறும் என்று நம் பாட்டிமார் மட்டுமல்ல, மேல்நாட்டு வைத்தியர்களும் வெகுகாலம் நம்பியிருந்தார்கள். 1962ஆம் ஆண்டு ஜார்ஜ் விண்டர் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, பன்றிகளின் முதுகில் ஆழமில்லாத காயங்களை உண்டாக்கி, சிலவற்றைக் காற்றாடத் திறந்து விட்டும், மற்றவற்றைப் பாலிதீன் படலத்தால் மூடியும் வைத்துப் பரிசோதித்து, மூடிய காயங்களில் மேல்தோல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் பரவுவதைக் கண்டு 'நேச்சர்' பத்திரிகையில் வெளியிட்டார். திறந்து கிடக்கும் புண்ணில் பொருக்குத் தட்டுகிறது. ஊர்ந்து வரும் அணுக்களுக்கு அந்தக் காய்ந்த பொருக்கு வழியடைப்பாக நிற்பதால், அவை அதன் அடியில் ஈரம் இருக்கும் ஆழத்தைத் தேடி இறங்கிச் சுற்றி வர வேண்டியிருக்கிறது. ஈரமான தளத்திலோ அவை நேராகச் சென்றுவிடுகின்றன. இந்த ஒரு பரிசோதனை நூற்றாண்டுகளின் அபிப்பிராயத்தைப் புரட்டிவிட்டது என்று சொன்னால் மிகையாகாது.

ஈரம் வேண்டும், ஆனால் புண் ஊறி நைந்துபோகவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவான நிலையை ஜெல் தருகிறது. நீண்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்து வலையாகி, அந்த வலைக்குள் நீரைப் பிடித்து நிறுத்துவதே ஜெல். இதன் எடையில் 90 சதவிகிதம் வரைகூடத் தண்ணீராகவே இருக்கலாம். மன்னார் வளைகுடாக் கரையில் மண்டபத்தை அடுத்த கடலில் விளையும் பழுப்பு நிறக் கடற்பாசிகளிலிருந்து அல்ஜினேட் என்னும் பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். சோடியம் அல்ஜினேட் கரைசலை, கால்சியம் குளோரைடு கலந்த நீரில் சொட்டுச் சொட்டாக விட்டால், விழுந்த சொட்டு கரையாமல், விரலால் எடுத்து உருட்டக்கூடிய மெத்தென்ற மணியாகத் திரண்டுவிடுகிறது. கால்சியம் அந்த நீண்ட இழைகளைக் கட்டிப்போடுவதால் நேரும் விந்தை இது. கால்சியம் அல்ஜினேட்டைப் பஞ்சாக்கி நீர் கசியும் புண்ணில் வைக்கும்போது இதன் மறுபக்கம் நடக்கிறது: புண்ணின் நீரிலுள்ள சோடியம் உள்ளே நுழைந்து கால்சியத்தை வெளியேற்ற, உலர்ந்த பஞ்சு இளகி வழுவழுப்பான ஜெல்லாகிறது. ஒட்டிப்போன காஸ் துணியைப் பிரிக்கும்போது புதுச்சதை பிய்ந்து ரத்தம் கசிவதைப் பார்த்துப் பல்லைக் கடித்தவர்களுக்கு, வலியின்றி வழுக்கி வரும் இந்தக் கட்டின் அருமை நன்றாகத் தெரியும்.

இனி அந்த ஜெல்லுக்குள் வைக்கும் மருந்து. மஞ்சள் ரணத்தை ஆற்றும் என்பதையே புதிய கண்டுபிடிப்பாகக் கொண்டு, 1995ஆம் ஆண்டு அமெரிக்காவில் மிஸிஸிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. நம் அடுப்பங்கரையில் தலைமுறைகளாகக் கையாண்டு வரும் ஒன்றுக்கு அந்நிய தேசத்தில் உரிமைப்பத்திரமா என்று இந்தியாவின் விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் எதிர்த்து எழுந்தது. பழைய சமஸ்கிருத நூல்களிலிருந்தும், 1953ஆம் ஆண்டு இந்திய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான கட்டுரையிலிருந்தும் சான்று காட்டி வாதாடியதன் பலனாக, 1997ஆம் ஆண்டு அந்த உரிமை ரத்தாயிற்று. அந்த வெற்றியை விடவும், வாதத்தோடு நிற்காமல் அதே கவுன்சிலின் கீழ் இயங்கும் சென்னை அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் மஞ்சளைப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டதுதான் எனக்கு அதிகப் பெருமை தருகிறது.

தோல் பதனிடுவதற்கென 1948ஆம் ஆண்டு தோன்றிய நிலையத்துக்கும் மனிதன் புண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பதனிடும் தோலின் சாரமே கொலாஜன்தான். புண் ஆறும்போது நம் சரீரம் உற்பத்தி செய்வதும் அதே இனத்துப் புரதம். மஞ்சளின் சத்தான குர்குமினைக் கொலாஜன் படலத்தில் சேர்த்து எலிகளின் ரணத்தில் இட்டு ஆராய்ந்தபோது, வெறும் கொலாஜனைக் காட்டிலும் ரணம் விரைந்து சுருங்கியதாகவும், திசுக்களைச் சிதைக்கும் தீவிர மூலக்கூறுகளைக் குர்குமின் அடக்கியதாகவும் அந்நிலையத்தார் 2004ஆம் ஆண்டு அறிவித்தார்கள்.

குர்குமினிடம் ஒரு பிடிவாதம் உண்டு: அது தண்ணீரில் கரைவதே அரிது, வெளிச்சத்திலும் காரத்திலும் சிதைந்துவிடும். ஆகவே அதை எண்ணெயின் நுண்துளிகளில் கரைத்தோ, சர்க்கரை மூலக்கூறுகளால் ஆன வளையங்களுக்குள் அடக்கியோ ஜெல்லில் கலக்கிறார்கள். அங்கிருந்து அது சிறுகச் சிறுக வெளியேறுகிறது. வல்லாரையின் ஆசியாட்டிகோசைடு கொலாஜன் உற்பத்தியைத் தூண்டுவதாக ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. சோற்றுக்கற்றாழையோ தன் மடலுக்குள்ளேயே இயற்கையான ஜெல்லை வைத்துக்கொண்டிருக்கிறது.

பச்சிலைச் சாற்றின் குறை இங்கேதான் வெளிப்படுகிறது. இலையில் குணம் இல்லாமல் இல்லை. அந்த இலையோடு வரப்பு மண்ணும் வருகிறது, மண்ணில் தனுர்வாதக் கிருமியின் வித்துக்கள் மறைந்திருக்கலாம். எவ்வளவு சாறு, எத்தனை வீரியம் என்ற அளவும் கிடையாது. ஜெல் கட்டோ கிருமி நீக்கப்பட்டது, மருந்தின் அளவு தெரிந்தது, ஈரத்தையும் காப்பது. கொல்லையில் வளரும் மூலிகையை ஏளனம் செய்யாமலும், அதைக் கண்ணை மூடிக்கொண்டு வழிபடாமலும், அதன் சத்தைச் சுத்தமான ஒரு பாத்திரத்தில் ஏந்தித் தருவதே இந்த வித்தையின் சிறப்பு. ஆயினும் மூலிகை ஜெல்களைப் பற்றிய பரிசோதனைகளில் பெரும்பாலானவை இன்னும் எலிகளிடத்தும் சோதனைக் குழாய்களிலும் நடந்தவையே. மனிதர்களிடத்துச் செய்தவை சிறிய அளவிலானவை.

எல்லாப் புண்ணுக்கும் ஒரே கட்டு பொருந்தாது. வறண்ட புண்ணுக்கும் மேலோட்டமான தீக்காயத்துக்கும் நீர் நிறைந்த ஜெல் ஏற்றது. நீர் அதிகம் வடியும் புண்ணுக்கு அல்ஜினேட். மண் பட்ட வெட்டுக்காயம் எதுவானாலும் ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் கழுவிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போய் டி.டி. ஊசி தேவையா என்று கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். சர்க்கரை வியாதியால் உணர்ச்சி மரத்துப்போன பாதத்தில் புண் கண்டவர்கள் எந்த ஜெல்லையும் தாமாக வாங்கித் தடவலாகாது. செத்த சதையை நீக்கி, ரத்த ஓட்டத்தைச் சோதித்து, அந்தப் பாதத்தின்மேல் விழும் பாரத்தைக் குறைத்து, ரத்தத்தில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே, எந்தக் கட்டு என்பதை டாக்டர் தீர்மானிப்பார்.